‘நைஸ்’ என்னும் சொல்

சென்ற மாதம் ஊரிலிருந்து பாட்டியார் ரசப்பொடி அனுப்பியிருந்தார். மிளகும் மல்லியும் தம் கையாலேயே வறுத்து, மாவு மில்லில் கொடுத்து அரைத்த பொடி. டில்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகளிடம் தொலைபேசியைக் கொடுத்து, பாட்டியிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னோம்.

“பொடி எப்படி இருந்தது, கண்ணு?”

“நைஸ், பாட்டி.”

மறுமுனையில் சிறிது மௌனம். பிறகு கவலையோடு குரல் வந்தது: “அடடா! ரசப்பொடி கொரகொரன்னு இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நைஸா அரைச்சுட்டானா?”

குழந்தை விழித்தாள். நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் மனத்தில் ஏதோ உறுத்திற்று. அச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் பார்த்தோம்.

இலத்தீனில் ‘அறியாதவன்’ என்று பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்னும் சொல்லே இதன் மூலம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்து, 1300ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ‘மூடத்தனமான’ என்றே அது வழங்கிற்று. பின்னர்க் கூச்சம், எளிதில் நிறைவுறாத இயல்பு, நுண்மை, துல்லியம் என்று படிப்படியாகப் பொருள் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்றாயிற்று. எதற்கெடுத்தாலும் அச்சொல்லையே சொல்வதை ஜேன் ஆஸ்டின் தம் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் கேலி செய்திருக்கிறார். அந்நூல் 1817ஆம் ஆண்டின் இறுதியில், அவர் மறைந்த பிறகு வெளிவந்தது.

சொற்கள் இவ்வாறு மாறுவது நமக்குப் புதிதன்று. திருக்குறளில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பிடிக்கச் செய்கிறது. அது தாழ்ந்தது, ஆங்கிலச் சொல்லோ உயர்ந்தது. நம் பேச்சிலும் அது சும்மா இருக்கவில்லை. ‘நைஸாக நழுவினான்’ என்றால் தந்திரம். ‘நைஸ் பண்ணினான்’ என்றால் நயந்து பேசிக் காரியம் சாதித்தல். மாவு மில்லில் சொன்னால் நுண்மை. பழைய ஆங்கிலப் பொருளுக்கு நெருங்கி நிற்பது பாட்டியாரின் ‘நைஸ்’ அன்றோ!

அப்படியானால் பிழை யாருடையது? குழந்தையுடையதன்று. ஊர்க் கோவில் குடமுழுக்கின்போது பாட்டியார் ஆசையோடு படங்கள் அனுப்பச் செய்தார். நாங்கள் மறுமொழியாக எழுதியதும் அந்த ஒரே சொல்தான். எல்லாவற்றிற்கும் பொருந்தும் சொல், எதையும் உற்றுப் பாராமலே சொல்லத்தக்க சொல். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவருக்கு நம் சொற்களைத் தவிர வேறு எதைக் கொடுக்க முடிகிறது? அதிலும் சிக்கனம் பிடித்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறன்று மகளை மீண்டும் பேசச் சொன்னோம். “எப்படி இருந்தது என்று சொல், ‘நைஸ்’ மட்டும் வேண்டாம்” என்றோம். அவள் சற்று யோசித்தாள்.

“பாட்டி, ரசம் தொண்டையில் இறங்கும்போது மிளகு சுள்ளென்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.”

அன்று பாட்டியார் அரைமணி நேரம் பேசினார்.