புளியமர நிழலில்

ஊணையும் உறக்கத்தையும் தடுப்பதால் பயணம் வேதனையின் ஒரு கூறு என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். இந்த ஹதீஸைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஆயினும் அதன் பொருள் நமக்கு முழுமையாக விளங்கியது, அய்யலூருக்கு அப்பால் ஒரு புளியமரத்தின் நிழலில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஷவ்வால் மாதத்தில், நாகூர் ஜியாரத்தை நாடி நாகல் நகரிலிருந்து குடும்பத்தோடு வேனில் புறப்பட்டோம். அடுப்பு, அரிசி, பாய், தலையணை யாவும் ஏற்றியாயிற்று. நான்கு நாட்களுக்கு வேனே வீடு. முதுமையிலும் நம் தமக்கையார் ஆறு நோன்பில் ஒன்றை நோற்றபடியே வந்தார்.

அய்யலூரைத் தாண்டியதும் எஞ்சினிலிருந்து ஆவி சீறியது. ரேடியேட்டர் குழாய் வெடித்து நீரெல்லாம் வழிந்துவிட்டது. அதே வேளையில் தமக்கையாருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. முந்திய இரவே வயிறு சரியில்லையாம். பயணம் நின்றுவிடுமே என்று மறைத்திருக்கிறார். சிறிது நேரத்தில் நா வறண்டு, கண்கள் குழி விழுந்துவிட்டன.

அண்ணாந்து பார்த்தோம், மரமெங்கும் புளி. உடனே இப்னு பதூதா நினைவுக்கு வந்தார். 1325-இல் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட அந்தப் பயணி, 1340-களில் மதுரையில் கொடுங்காய்ச்சலில் விழுந்தார். ஊரே கொள்ளைநோயில் மடிந்துகொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்து, இறையருளால் பிழைத்ததாக அவர் எழுதியிருக்கிறார். அரபியர் புளியைத் 'தமர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை என்பர். கற்ற கல்வி கைகொடுத்தது என்ற மகிழ்ச்சியில் புளி கரைக்கச் சொன்னோம்.

"பாய், புளி வேண்டாம். அது இன்னும் வயிற்றைப் போக்கும்" என்று தடுத்தார் ஓட்டுநர்.

நமக்குச் சுருக்கென்றது. அந்தப் புளி மூன்று நாள் வயிற்றைப் போக்கியது என்று இப்னு பதூதாவே எழுதியுள்ளார். அவருடைய நோய் காய்ச்சல், இங்கோ பேதி. படித்த நாம் அதை மறந்தோம். படிக்காத அவர் அறிந்திருந்தார். தம் குழந்தைக்குப் பேதி கண்டபோது மருத்துவமனையில் கற்றதாம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கச் சொன்னார். 1971-இல் வங்காள அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலானபிஸ் எண்ணற்ற உயிர்களைக் காத்ததும் இத்தகைய உப்புச் சர்க்கரைக் கரைசலால்தான்.

தமக்கையாரோ வாய் திறக்கவில்லை. "நோன்பு போயிடும், தம்பி" என்றார்.

அங்கேதான் நம் கல்விக்கு வேலை வந்தது. "அக்கா, ரமலானின் கடமையான நோன்பையே நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்க அல்லாஹ் அனுமதித்திருக்கிறான். அல்பகரா 184, 185-ஆம் வசனங்களைப் பாருங்கள். நீங்கள் இரண்டுமாக இருக்கிறீர்கள், இதுவோ நஃபில். பிறகு களாச் செய்யலாம். அவன் தந்த சலுகையை மறுப்பது பொறுமை ஆகாது" என்றோம். கண்ணீரோடு பிஸ்மி சொல்லி ஒரு மிடறு பருகினார்.

ஓட்டுநர் சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாயில் இறுகச் சுற்றினார். சூடு தணியும்வரை ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவில்லை; பின்னரும் நீரைச் சிறுகச் சிறுகவே ஊற்றினார். தமக்கையாருக்கும் கரைசலைச் சிறுகச் சிறுகவே புகட்டினோம். அக்கம்பக்கத்தார் குடம் குடமாய்த் தண்ணீர் கொணர்ந்தனர். யார், எவர் என்று ஒருவரும் வினவவில்லை. மெல்ல ஊர்ந்து மணப்பாறையை அடைந்தோம். அங்கே நரம்பில் நீர் ஏற்றினார்கள். மறுநாள் நாகூர் செல்லாமல் ஊர் திரும்பினோம்.

தமக்கையார் நலமடைந்து அந்த நோன்பைக் களாச் செய்தார். அன்றுமுதல் நம் பயணப் பெட்டியில் முஸல்லாவோடு உப்பு, சர்க்கரை, தேக்கரண்டி மூன்றும் இடம்பெறுகின்றன. மார்க்கம் தரும் சலுகையை ஏற்பதும், அறிந்தவர் எவராயினும் அவர் சொல் கேட்பதும் வணக்கமே என இப்போது பாடம் நடத்துகிறோம். அல்ஹம்துலில்லாஹ்!