விம்கோ நகர்: உப்புக் காற்றில் பூக்கும் மாடித்தோட்டம்

தீப்பெட்டியால் பெயர் பெற்ற ஊர் விம்கோ நகர். 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்பதன் சுருக்கம்தான் விம்கோ. ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஆலை திருவொற்றியூரில் இருந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தபோதும் நிலையத்துக்கு அதே பெயர்தான்.

கிழக்கே கடல், மேற்கே மணலி ஆலைகள், வடக்கே எண்ணூர். நடுவில் நெருக்கியடித்த வீடுகள். இங்கே தோட்டம் என்றால் பெரும்பாலும் மாடிதான். பெயின்ட் வாளி, உடைந்த பக்கெட் எல்லாமே பூந்தொட்டிகள்.

பூவுக்கும் இந்தப் பகுதிக்கும் பழைய சொந்தம் உண்டு. திருவொற்றியூர் இறைவனுக்கு மாலை தொடுத்தவர் சங்கிலியார் என்கிறது பெரியபுராணம். அவரை மணந்த சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது அந்தக் கோயிலின் மகிழ மரத்தடியில்தான்.

ரோஜா ஏன் கருகுகிறது?

ஆசையாக வாங்கி வைத்த ரோஜா சில வாரங்களில் இலை ஓரம் கருகி நிற்கும். கடற்காற்றில் வரும் உப்பு இலையில் படிகிறது. போர் தண்ணீரும் உப்பாக இருந்தால், தொட்டியில் ஈரம் காயக் காய உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். வேரால் நீரை உறிஞ்ச முடியாது. வாடுகிறதே என்று அதே தண்ணீரை இன்னும் ஊற்றினால் பாதிப்பு இரட்டிப்பாகும்.

பென்ஸ்டெமனுக்குப் பதில்

செல்போனில் தோட்டப் படங்கள் பார்ப்பவர்களை மயக்கும் செடி பென்ஸ்டெமன். வட அமெரிக்காவில் 250-க்கும் அதிகமான வகைகள் உள்ளன. குழல் போன்ற பூக்களில் தேன் குடிக்க ஹம்மிங்பேர்டுகள் வரும். ஆனால், அவற்றில் பலவற்றுக்குக் குளிர்காலம் வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் வேர் அழுகிவிடும்.

அதன் உறவுக்காரச் செடி ஒன்று நம்மூருக்குப் பொருந்தும். அது மெக்சிகோவிலிருந்து வந்த ரஸ்ஸேலியா. ஆங்கிலத்தில் இதைப் பட்டாசுச் செடி என்கிறார்கள். கோரைபோல் தொங்கும் தண்டுகளில் சின்னச் சின்னச் சிவப்புக் குழல் பூக்கள். இலைகள் செதில் அளவே இருப்பதால் நீர் அதிகம் ஆவியாகாது, உப்புக்காற்று கருக்கவும் இடம் குறைவு. ஹம்மிங்பேர்டுக்குப் பதில் நம் தேன்சிட்டு தேடி வரும்.

வளர்க்கும் முறை

* செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம்.
* நல்ல வெயில் படும் கைப்பிடிச்சுவர் ஓரம் வைத்தால் அழகாகத் தொங்கும்.
* மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர்.
* மாதம் இருமுறை, அடியில் வழியும் வரை நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். தண்டுகளிலும் தெளித்தால் தூசி போகும்.
* ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். காய்ந்த தண்டுகளை அவ்வப்போது நறுக்கிவிடலாம்.

துணைக்குக் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் வைக்கலாம். அரளியும் தாங்கும். ஆனால், அது விஷச்செடி என்பதால் சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் தொட்டி ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டால் போதும். ஒரு வருட உப்பை மழையே கழுவிக் கொடுத்துவிடும்!