மேலேறாத வெற்றி

ஒன்ராறியோ வாவியின் இக்கரையில் வாழும் எமக்கு, அக்கரையிலுள்ள அமெரிக்க நகரான றொச்செஸ்ரரின் கதை நெருக்கமானது. அந்நகரின் 'றைனோஸ்' உதைபந்தாட்டக் கழகம் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது. 1999இல் அது முதற்பிரிவுக் கழகங்கள் நான்கை வென்று, அமெரிக்கத் திறந்த கிண்ணத்தை ஏந்தியது. இறுதியாட்டத்தில் வீழ்ந்தது கொலறாடோ, 2-0. தன் பிரிவில் 1998, 2000, 2001ஆம் ஆண்டுகளில் வாகையும் சூடியது. எனினும் முதற்பிரிவின் வாசல் திறக்கவில்லை. இங்கிலாந்தில் வென்றவர் மேலேறுவர். அமெரிக்காவிலோ பெருந்தொகை செலுத்தி அனுமதி பெற்றவர்க்கே இடம். 2023இல் கழகம் மூடப்பட்டது.

கலைமாணிப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தொழிற்சாலையில் பொதி கட்டிய எமக்கு இது புதிதன்று. திறமைக்கு இடமுண்டு என ஊரில் கற்பித்தோம். இன்று எம் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்கிறோம்: இடம் கிடையாமற் போகலாம், ஆயினும் வென்றது வென்றதே.