படுத்த இடத்திலேயே வைத்தியம்

வீடு மாற்றுவது எத்தனை சங்கடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊறுகாய் ஜாடி உடையும். தோசைத் திருப்பி காணாமல் போகும். நல்ல தேக ஆரோக்கியம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், மார்வலி கண்டு படுத்திருக்கும் ஒருவரை நாலு நாளில் மூன்று இடத்துக்குக் குடிபெயர்த்தால் எப்படி இருக்கும்?

என் மாமியாருக்கு அதுதான் நேர்ந்தது. முதல் நாள் அவசரப் பிரிவு. மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. 'கொஞ்சம் தேவலை' என்றதும் வேறு மாடியில் ஒரு வார்டு. போன இடத்திலெல்லாம் புதிய நர்ஸ், "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்ற அதே பழைய கேள்வி. மூக்குக் கண்ணாடி ஓர் இடத்திலும் பல் செட் ஓர் இடத்திலும் தங்கிவிட்டன. நடு இரவில் விழித்துக்கொண்டு, "ஏம்மா, இது யார் வீடு? என்னை எதற்கு இங்கே கொண்டு விட்டீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பகீரென்றது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. டாக்டர்களும் நர்ஸுகளும் அன்பாகத்தான் இருந்தார்கள். கட்டடம் அப்படி அமைந்திருந்தது!

ஆஸ்பத்திரியைப் பெரிதாக்க நினைக்கிறவர்கள், 'இன்னும் எத்தனை கட்டில் போடலாம்?' என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து மெதடிஸ்ட் ஆஸ்பத்திரியிலோ வேறு விதமாக யோசித்தார்கள். 'நோயாளி எதற்காக நகர வேண்டும்? வைத்தியம் அவரைத் தேடி வரட்டுமே!' என்றார்கள்.

1999-ல் இருதய நோயாளிகளுக்காக 56 படுக்கைகள் கொண்ட புதிய பிரிவு அங்கே திறக்கப்பட்டது. அறைக்கு ஒருவர். பிராணவாயுக் குழாய், இருதயத் துடிப்பைக் கவனிக்கும் கருவி எல்லாம் கட்டிலின் தலைமாட்டிலேயே. நோய் முற்றினால் கருவிகள் வேலை செய்யும். தணிந்தால் சும்மா இருக்கும். நோயாளி மட்டும் அதே அறையில்! கூட வந்தவர்களுக்கும் அங்கேயே இடம் உண்டு. நர்ஸுகளும் எங்கோ கோடியில் உட்காராமல் அறைகளுக்கு அருகிலேயே இருந்தார்கள். நோயாளிகளை இடம் மாற்றுவது சுமார் 90 சதவிகிதம் குறைந்தது என்று 2004-ல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை கூறிற்று. மருந்து மாறிப் போவதும், நோயாளிகள் தடுக்கி விழுவதும்கூடக் குறைந்தனவாம்.

சிகாகோ நகரில் ரஷ் ஆஸ்பத்திரியார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2012-ல் திறந்த புதிய கட்டடத்தில், வாசல் கூடத்துத் தூண்களுக்குள்ளேயே பிராணவாயுக் குழாய்களை மறைத்து வைத்தார்கள். ஆபத்துக் காலத்தில் கூடமே வார்டாகிவிடும். 2020-ல் கொரோனா வந்தபோது அந்த முன்யோசனையின் அருமை தெரிந்தது.

இதெல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லா அறையிலும் எல்லாக் கருவியும் என்றால் செலவு அதிகம். கடும் நோயாளியையும் தேறி வருபவரையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ள நர்ஸுகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆளும் போதுமான அளவு வேண்டும். இல்லாவிட்டால் அறை மட்டும் இருந்து என்ன பிரயோசனம்?

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் புதிய கட்டடம் எழும்பினால், எத்தனை மாடி என்று கேட்பதோடு நிற்காதீர்கள். "நோயாளியை எத்தனை தடவை தூக்கி மாற்றுவீர்கள்?" என்றும் கேளுங்கள். வீட்டை நிர்வகிக்கத் தெரிந்த நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எல்லாத் தகுதியும் உண்டு!