செய்தி வந்தால் விசாரித்தறிவோம்



திருவான்மியூரில் கணினிப் பணியால் வாழும் குடும்பங்கள் ஏராளம். எங்களுடையதும் அவற்றுள் ஒன்று. எங்கள் மகள் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வடிவமைப்புப் பணி செய்கிறாள். ஊதியம் இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவை ஒன்றின் மூலம் வந்து சேர்கிறது. கடந்த ரமளானில், ஜகாத்துக்கென எண்ணிவைத்த தொகையும் அக்கணக்கில் இருந்தபோது, கணக்கு முடக்கப்பட்டதாகவும் 24 மணி நேரத்துக்குள் விவரங்களை உறுதிசெய்ய வேண்டுமென்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது.

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. மின்னஞ்சலுக்கும் அது பொருந்துமல்லவா? அனுப்பியவரின் பெயர் சரியாகவே இருந்தது. முகவரி வேறாக இருந்தது. மகளின் பெயரைக் குறிப்பிடாமல் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்றே அழைத்திருந்தார்கள். அதிலிருந்த இணைப்பைத் தொடாமல், சேவையின் முகவரியை நாங்களே தட்டச்சுசெய்து உள்ளே சென்று பார்த்தோம். கணக்கில் எந்த முடக்கமும் இல்லை.

இவ்வேமாற்று புதிதன்று. தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட அதே 2000ஆம் ஆண்டில், பேபாலின் ஆங்கிலப் பெயரில் கடைசிச் சிற்றெழுத்து 'எல்'லுக்குப் பதிலாகப் பேரெழுத்து 'ஐ'யை இட்டுப் போலித்தளம் அமைத்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடுதான். எனவே தோற்றம் சான்றாகாது. கடிதம் காட்டும் வழியை விடுத்து, நாம் அறிந்த வழியில் செல்வதே பாதுகாப்பு. இந்திய வங்கிகளின் இணைய முகவரிகள் '.பேங்க்.இன்' என முடிய வேண்டுமென ரிசர்வ் வங்கி 2025இல் பணித்ததும் போலிகளைப் பிரித்தறியவே. யூபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்பதையும் நினைவிற்கொள்வோம். அதைக் கேட்டால், வெளியே போகவிருப்பது நம் பணம்.

இத்தனைக்குப் பின்னும் எவரேனும் ஏமாறலாம். அப்போது வெட்கம் பெரும் பகையாகிறது. உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். நம் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தாலும், தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியையே சாரும் என 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆக, ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. வீட்டில் வயதான அத்தாவோ உம்மாவோ, கல்லூரி செல்லும் பிள்ளையோ தயங்காமல் வந்து சொல்லும்படி நாம் நடந்துகொள்வோமாக. கடிந்துரைக்கும் வீட்டில் உண்மை தாமதமாகவே வெளிவரும்.