குளிரில் மங்கும் கண்ணாடி

குளிர் காலத்தில் கண்ணாடி மங்குவதைக் காணாதார் இரார். மார்கழி விடியலில் ஈரானித் தேநீரை உதட்டருகே கொண்டு போனதும் மூக்குக் கண்ணாடி வெளுத்துவிடுகின்றது. குளிரூட்டிய பெட்டியில் இரவெல்லாம் பயணம் செய்து சென்னையில் இறங்கியவுடன், வரவேற்க நிற்கும் உறவினரின் முகம் தெரிவதில்லை. துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டு அப்பால் நடக்கின்றோம். இத்தொல்லையே துப்பாக்கியின்மேல் பொருத்திய தொலைநோக்கியில் நேருமாயின், அது உயிரைத் தொடும் செய்தியாகி விடுகின்றது.

நம் தமக்கையின் மகன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, நீலகிரி வெல்லிங்டனில் பயிற்சி முடித்து, இப்பொழுது வடவெல்லையில் காவல் புரிகின்றான். சென்ற குளிர்காலத்தில் விடுப்பில் ஊருக்குப் போகும் வழியில் சிக்கந்தராபாத்தில் இறங்கி, நமது இல்லத்தில் இரண்டு நாள் தங்கினான். காவலிடத்தின் பெயரை அவன் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆனால் அங்கு நேர்ந்த ஒன்றைக் கூறினான்.

ஒரு விடியலில் கீழ்ச்சரிவில் இரண்டு உருவங்கள் அசைந்தனவாம். தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். மூச்சுப் பட்ட வில்லையில் வெண்பனி உறைந்துவிட்டது. விரலால் துடைத்தான், அது பரவிப் பூசிக்கொண்டதேயன்றி விலகவில்லை. “மாமா, கண்ணுக்கு முன்னே வெண்மை தவிர ஒன்றுமில்லை, விரலோ விசையருகே இருந்தது” என்றான். சுடாது குரல் கொடுத்தான். கீழிருந்து அன்றைய அடையாளச் சொல் விடையாக வந்தது. ரோந்து சென்று திரும்பிய நம் வீரரே அவ்விருவரும்.

இதைக் கேட்டபொழுது நமக்கு ரயில்வே விதியொன்று நினைவுக்கு வந்தது. சிக்னல் சரிவரத் தெரியாவிடில், அது காட்டக்கூடியவற்றுள் மிகுந்த தடையுள்ள பொருளையே கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. வடநாட்டு மூடுபனியில், சிக்னல் வருமுன்னரே ஓட்டுநரை எச்சரிக்கத் தண்டவாளத்தின்மேல் வெடி வைப்பதும் உண்டு. கண் தெளியாதபொழுது ஊகத்தால் செயற்படலாகாது என்பதே இரண்டிடத்தும் பாடம்.

இனி, கண்ணாடி மங்குவது ஏன் எனக் காண்போம். காற்றில் நீராவி கலந்துள்ளது. வெப்பமான காற்றில் அது மிகுதியாக இருக்கக்கூடும். குளிர்ந்த காற்றில் அவ்வளவு இருக்க இயலாது. ஈரக்காற்று தன்னினும் மிகக் குளிர்ந்த கண்ணாடியைத் தொடும்பொழுது, மிஞ்சிய நீராவி நுண்துளிகளாகப் படிகின்றது. கடுங்குளிராயின் அத்துளிகள் உறைந்தும் போகின்றன.

துப்பாக்கித் தொலைநோக்கியில் இது மூன்று வகையாக நேரும். முதலாவது, மூச்சினால் வருவது. இதற்கு மருந்து பழக்கமே. கண்ணை வைக்கும்பொழுது மூச்சை வில்லையின்மேல் விடாது கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ விடவேண்டும். பயன்படுத்தும் வரையில் வில்லை மூடியைக் கழற்றலாகாது. மங்காமற் காக்கும் திரவங்களும் உண்டு. அவற்றை மெல்லப் பூசினால் நீர் துளிதுளியாக நில்லாது மெல்லிய படலமாகப் பரவும், பார்வை மறையாது.

இரண்டாவது, இடம் மாறுவதால் வருவது. வெளியே உறைந்து கிடந்த கருவியை அடுப்பு எரியும் கூடாரத்துள் கொண்டுவந்தால் உடனே வியர்க்கும். மீண்டும் வெளியே கொண்டு போனால் அவ்வியர்வை பனிக்கட்டியாகும். ஆகவே கருவியை வெளிக்குளிரிலேயே, பனி படாத மறைவில், காவலுடன் வைப்பது நலம். உள்ளே கொண்டுவருவது தவிர்க்க முடியாததாயின், வெளியிலேயே காற்றுப் புகாத பையில் இட்டுக் கட்டிக் கொண்டுவர வேண்டும். ஈரம் பையின் மேலே படியும். கருவி அறையின் வெப்பநிலையை அடைந்த பின்னரே பையை அவிழ்க்கலாம். புகைப்படக் கருவி வைத்திருப்போர்க்கும் இம்முறை பொருந்தும்.

மூன்றாவது, குழலின் உள்ளேயே படிவது. இதனைத் துடைக்க வழியில்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து லூபோல்டு நிறுவனத்தார் 1940-களின் பிற்பகுதியில், குழலுள் இருந்த ஈரக்காற்றை நீக்கி உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி, மூட்டுகளை இறுக அடைத்து இக்குறையைப் போக்கினர். நல்ல தொலைநோக்கிகள் பலவற்றில் இன்றும் இம்முறையே கையாளப்படுகின்றது. அடைப்பு வளையம் தேய்ந்தாலோ, அறியாதார் திருகைக் கழற்றினாலோ வாயு வெளியேறி ஈரம் புகும். உட்புறம் மங்கிய கருவியைத் தேர்ந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

நம் தென்னாட்டுப் பிள்ளைகள் எத்தகைய குளிரில் நிற்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1984 ஏப்ரல் 13 முதல் நமது படை சியாச்சினில் நிலைகொண்டுள்ளது. அங்கே குளிர் சுழியத்திற்குக் கீழ் 50 பாகை வரையிலும் இறங்கும். 2016 பிப்ரவரி 3-இல் ஏறக்குறைய 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்த பத்து வீரருள் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆம் பட்டாளத்தினர். அவருள் நால்வர் தமிழ்நாட்டார். மார்கழிக் குளிரையே அரிதாகக் கண்ட ஊர்களில் பிறந்தவர் அவர்.

படையில் பிள்ளைகளை உடைய அன்பர்கள் முறுக்கும் பருப்புப் பொடியும் அனுப்புகின்றனர். அவற்றுடன் பழைய மல் வேட்டியைத் துவைத்து, நன்கு உலர்த்தி, உள்ளங்கை அளவுத் துண்டுகளாக்கி அனுப்புக. புதிய துணியினும் அது மென்மையானது, வில்லையைக் கீறாது. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் எறியாது சேர்த்து வைக்கலாம். அவை ஈரத்தை உறிஞ்சும் இயல்பின. மூடிய பெட்டியில் கண்ணாடிக் கருவியோடு இடுதற்கு ஏற்றவை. குழந்தைகள் வாயில் இடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.