கண்டியில் ஒரு ஜோடி ரிம்

கண்டிக்குப் போகிறேன் என்றதும் தலதா மாளிகை, ஏரி, பேராதனைப் பூங்கா என்று ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். சைக்கிள் சக்கரத்தைப் பார்த்து வாய் பிளப்பேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஜனவரிக் குளிர் காதைக் கடித்தது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நடந்தால் ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். தஞ்சாவூர்க்காரன் முழங்காலுக்கு இதெல்லாம் அநியாயம்! இந்த மேட்டில் போய் யாராவது சைக்கிள் கடை வைப்பார்களா? வைத்திருந்தார் ஒரு நானா; முஸ்லிம் அண்ணன்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

உள்ளே கிரீஸும் சொலூஷனும் கலந்த வாசனை. கையில் பிளேன்டீ வந்தது, கூடவே ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி. சீனி எங்கே என்று விழித்தேன்; பக்கத்தில் இருந்தவர் கருப்பட்டியைக் கடித்து, ஒரு மிடறு குடித்துக் காட்டினார். ஆகா!

உத்தரத்தில் பழைய பந்தயச் சக்கரங்கள் இரண்டு தொங்கின. எந்தக் காலத்தது என்றேன். "மொதல்ல கம்பிய எண்ணுங்க தம்பி." முன்னால் 32, பின்னால் 40. "அப்ப இங்கிலிஸ் சாமான்." ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் அப்போது பெரும்பாலும் இரண்டுக்கும் 36தானாம். அடுத்து விளிம்பு. டயரை ஒட்டுகிற டியூபுலர் ரிம்முக்கு விளிம்புச் சுவரே கிடையாது. இதற்கு உண்டு, ஆனால் உட்பக்கம் கொக்கி மடிப்பு இல்லை. அந்த மடிப்பு 1970களின் நடுவில்தான் பரவியது. பின் ஹப்பின் பூட்டு நட்டைத் துடைத்தார்: 'சிஏஎம் 66'. கம்பாக்னோலோ கம்பெனி ஆண்டையே பொறித்திருக்கிறது! நான் துள்ளுவதற்குள் கையமர்த்தினார்: "அது ஹப்புட வயசு. ரிம்ம யாரும் மாத்தியிருக்கலாம்." ஜாதகம் பார்ப்பவர்கூட இத்தனை நிதானம் காட்டமாட்டார்.

இந்த மாதிரி அலுமினிய ரிம்முக்கும் ஒரு கள்ளத்தனமான காலம் இருந்திருக்கிறது. 1934 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற அந்தோனின் மாஞ், மாவிக் கம்பெனியின் புது ரிம்மில் ஓடினார். யாருக்கும் தெரியாமலிருக்க மரம் மாதிரியே வர்ணம் அடித்திருந்தார்களாம்!

நானா என் நகத்தைப் பிடித்து ரிம்மின் பக்கவாட்டில் ஓட்டினார். பள்ளம். பிரேக் கட்டை தின்ற பள்ளம். கடுகண்ணாவ இறக்கத்தில் ஒரே பிடியாகப் பிடித்து இறங்கினால் அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? சமதரையில் ஓடிய ரிம் இப்படித் தேய எத்தனையோ வருஷம் பிடிக்கும். வயதைத் தேய்மானத்தில் மட்டும் தேடினால் கண்டியில் கணக்குத் தப்பிவிடும்.

விலை கேட்டேன். "இங்க ஓட்டுறதுக்குன்னா தரவே மாட்டன், உசிர் போயிரும். ஒங்கட ஊர் மாதிரி மட்டத் தரைன்னா யோசிப்பம்" என்றார்.